ஏறி ஆடு!

மைதானத்து ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டுக்குக் கால்பந்து அணியின் புது கோச்சை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"பழைய ஆளு எந்நேரமும் 'நில்லு, நில்லு'ம்பாரு. இவரோடது தாக்குதல் ஆட்டம், எருமையக்கா! வாய்க்கு வாய் என் பேரைத்தான் சொல்றாரு."

அதற்குள் கோச் கத்தினார்: "ஏறி ஆடு! அடிச்சு ஆடு!"

"கேட்டீங்களா? என்னை ஏறச் சொல்றாரு," என்று வெள்ளாடு நெஞ்சை நிமிர்த்தியது.

"அடிச்சுன்னும் சொன்னாரே," என்றது எருமை, அசைபோட்டபடி. "பழைய ஆளு இருந்தவரை நம்ம பசங்க ஒரு கோல்கூடப் போடலை, வாஸ்தவம்தான். ஆனா நான் நிம்மதியாத் தூங்கினேன்."

"உங்களுக்கு ரசனையே இல்லக்கா."

அந்த நேரம் பார்த்து, கோச் கூட்டிவந்திருந்த துணைக் கோச்சும் எழுந்தார். இடது ஓரமாகப் பந்தோடு ஓடியவனைப் பார்த்து, "உள்ள வெட்டி ஆடு! வெட்டி ஆடுடா!" என்று அலறினார்.

வெள்ளாட்டின் வாயிலிருந்த புல் கீழே விழுந்தது.

"அக்கா, நாளைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை, தம்பி."

"யோசிச்சுப் பார்த்தா, நம்ம ஊருக்குத் தடுப்பாட்டம்தாங்க்கா சரிப்படும்," என்று சொல்லிக்கொண்டே வெள்ளாடு எருமைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது.