கழற்றாத கோட்டு

ஜேர்மனியின் எசன் நகரத்தில் மத்தியானமே இருட்டிக் கிடக்கிறது. ரெஜினா தன் குசினி மேசையருகே குளிர்கோட்டோடு இருக்கிறாள். மகள் பள்ளியால் வருவதற்குச் சற்று முன்புதான் ஹீற்றரைத் திருகுவாள். கணவர் விட்டுப் போன நாள்முதல் அதுதான் வழக்கம். தனக்கென்று வீட்டைச் சூடாக்கக் காசு கட்டாது. மணி அடிக்கிறது. வாசலில், கோயிலில் பழகிய எமில்டா அக்கா, கேக் பொட்டலத்தோடு நிற்கிறாள். ரெஜினாவின் கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்குகிறது. "ஐயோ, வெளிக்கிட்டு நிக்கிறியளே? இருந்து கதைப்பம் எண்டெல்லோ வந்தனான்." உள்ளே கூப்பிட்டால் குளிர் காட்டிக்கொடுத்துவிடும், ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊர்க்கதையாகிவிடும். "ஓம் அக்கா, டொக்டரிட்டை டெர்மின் இருக்கு, நேரத்துக்குப் போகோணும்," என்று வாய் முந்திக்கொள்கிறது. "அப்ப வாங்கோ, பஸ் நிக்கிற இடம் மட்டும் சேந்து போவம்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரெஜினாவும் நடக்கிறாள். ஈரப் பனி சப்பாத்தில் சளக் சளக்கென்கிறது. அக்கா மகனைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றி, ஊரில் விழுந்த ஷெல்லைப் பற்றிக் கதைக்கிறாள். யாரோ தன்னோடு தமிழில் கதைத்து எத்தனை நாள்! பஸ் இன்னும் கொஞ்சம் பிந்தினால் என்ன! ஆனால் அது வந்துவிடுகிறது. "நான் மற்ற பஸ் அக்கா," என்கிறாள். பனிப்புகார் படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை அசைகிறது, போய்விடுகிறது.

திரும்பி வந்து கதவைச் சாத்துகிறாள். வெளியே போய் வந்தவர்கள் செய்வதுபோல் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றுகிறாள். கொஞ்சம் நின்று, திரும்பவும் அதைப் பூட்டிக்கொண்டு மேசையருகே இருக்கிறாள்.