மூன்றாவது மொழி

குளியலறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம்.

மூன்று நாளாக இருட்டிய பிறகுதான் வருகிறது. முதலில் யாரோ பல்வலியில் முனகுவது போல. அப்புறம், வாந்தி வராமல் ஓங்கரிப்பது போல. குழாய் வேறு திறந்து கொட்டிக்கொண்டிருந்தது.

செல்வி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

உள்ளே இருப்பது அபிராமி மேடம்தான். ஆனால் இது மேடம் படிக்கிற ஸ்பானிஷ் இல்லை. அது தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி படபடவென்று வரும். போர்ச்சுகீசும் இல்லை, அது சளி பிடித்தவர் பேசுகிற மாதிரி இருக்கும். ஒன்றரை வருஷமாக டெல்லி மோதி பாக்கில் இந்த வீட்டிலேயே தங்கி வேலை பார்ப்பவளுக்கு இதுகூடவா தெரியாது?

ஹாலில் சார் கிரிக்கெட்டில் மூழ்கியிருந்தார்.

மேடத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ? கதவைத் தட்டலாம். ஆனால் பயம். மூன்று நாளைக்கு முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் நெஞ்சில் எரிந்தது.

அன்று காலை பால்கனியில் அணில் ஓட, குழந்தை கையை நீட்டி, "அணி! அணி!" என்று குதித்தது.

மேடம் முகம் மாறிவிட்டது.

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நான் இல்ல மேடம். அதுவா..."

"இவகிட்ட தமிழ் பேசக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கான்வென்ட்ல தமிழ் பேசினதுக்கு நான் ஃபைன் கட்டியிருக்கேன். என் பொண்ணு கட்ட வேண்டாம்."

அப்போதுதான் செல்வியின் பைக்குள் ஒரு புத்தகம் மேடம் கண்ணில் பட்டது. அட்டையில் அணில் படம் போட்ட அரிச்சுவடி.

"ஓ! பாடமே நடக்குதா?"

"பாப்பாவுக்கு இல்ல மேடம். என் பொண்ணு முத்துமாரிக்கு."

"கள்ளக்குறிச்சியில இருக்கிற பொண்ணுக்கு டெல்லியில எதுக்கு புக்?"

"ராத்திரி போன்ல..."

"போதும். இது குப்பைக்குப் போகுது. இன்னொரு தடவை இவ வாயில தமிழ் வந்தா, உனக்கு ஊருக்கு டிக்கெட். அச்சா?"

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளக் கடையில் தொங்கிய புத்தகம் அது. தினமும் ஒன்பது மணிக்கு, அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்த ஐந்து வயது முத்துமாரி வீடியோவில் வருவாள். செல்வி படத்தைக் காட்டிக் காட்டிப் படிப்பாள்; மகள் கூடவே சொல்வாள். அந்தக் கால் மணி நேரம்தான் அவள் அம்மாவாக இருக்கிற நேரம். மற்ற நேரமெல்லாம் பெற்ற பிள்ளைக்குப் போனில் குரல், ஊரார் பிள்ளைக்குத் தோள்.

மூன்று நாளாக அதுவும் இல்லை. "புக்கு கெடைக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டு முத்துமாரி தூங்கப் போய்விடுகிறாள்.

குழாய் கொட்டுவது நிற்கவில்லை. இப்படியே விட்டால் டாங்க் காலி. வருவது வரட்டும் என்று செல்வி கதவில் கை வைத்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், என்றைக்கும் சரியாக ஏறாது. கதவு திறந்துகொண்டது.

ஸ்டூலில் அபிராமி. மடியில் புத்தகம். அட்டையில் அணில்.

"ஔ..." என்று இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முகம் வெளிறிப் போனது.

"மேடம்... அது என் புக்கு."

"ஷ்! மெதுவா." அபிராமி ஹால் பக்கம் பார்த்தாள். "பிஎச்.டி.க்கு ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் ரெண்டும் போதாதாம். ஆராய்ச்சிக்கு உதவுற மூணாவது மொழி ஒண்ணு கட்டாயமாம். போர்ச்சுகீஸ் பாதிரியாருங்க நம்ம கடற்கரையில இருந்த கதைதானே என் சப்ஜெக்ட்? தமிழ்னு எழுதிட்டேன். எழுத, படிக்கத் தெரியும்னு டிக்கும் போட்டுட்டேன்."

"தெரியாதா மேடம்?"

"எல்லாம் ஜிலேபி மாதிரி இருக்கு செல்வி." அபிராமி ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். "அடுத்த மாசம் மூணு பேர் முன்னாடி ஒரு பக்கம் வாசிக்கணும். முடியலைன்னா சீட் போச்சு. இவ பொறந்தப்போ ஒரு தடவை விட்டது. இன்னொரு தடவை கிடைக்காது. சார்கிட்ட சொல்லிடாதே, பொய் சொல்லி ஃபார்ம் போட்டியான்னு கேப்பார்."

செல்விக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்தது. ஊருக்கு டிக்கெட் போடுகிற மேடம், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இடுப்பில் போன் அதிர்ந்தது. மணி ஒன்பது.

"அம்மா, புக்கு கெடச்சுதா?"

செல்வி அபிராமியைப் பார்த்தாள். அவள் நீட்டிய புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"கெடச்சிருச்சு கண்ணு. இன்னைக்கு உன்கூட இன்னொரு ஆளும் படிக்குது."

"யாரும்மா?"

"புதுசா சேர்ந்த பொண்ணு. கொஞ்சம் மக்கு. நீதான் பாத்துக்கணும்."

அபிராமி எழுந்து ஸ்டூலைச் செல்வி பக்கம் தள்ளிவிட்டு, ஈரத் தரையில் உட்காரப் போனாள்.

"மேடம், ஒரு நிமிசம்" என்றாள் செல்வி. "பாப்பா தோள்ல இருக்கு. இன்னும் தூங்கல. தமிழு காதுல விழுந்துருமே?"

அபிராமி குழந்தையைப் பார்த்தாள். அது விரலைச் சப்பியபடி, புத்தகத்து அணிலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விழட்டும்" என்றாள் மேடம்.

பிறகு, என்றைக்கும் ஏறாத அந்தத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளி, உள்பக்கமாகப் போட்டாள்.