உள்ளே மடித்த துணி

தையற்காரனுக்குக் கொடுத்த வாக்கை மீறி அவள் மில் முதலாளியைக் கட்டிக்கொண்டாள். வாக்குத் தவறுவது அந்தக் குடும்பத்தில் அதுவரை இல்லாதது. "அவனைக் கட்டினா காலம் பூரா ஊசி நூலோட குப்பை கொட்டணும்க்கா" என்று சிரித்தாள். தையற்காரன் மறு வருடமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

அவன் எது தைத்தாலும் உள்ளே இரண்டு விரல் துணி மடித்து விடுவான். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். முடிவில் நூலுக்கு மூன்று முடிச்சு.

பெரிய வீட்டில் அவள் உடம்பு போட்டாள். ஆனால் கடையில் வாங்கிய சட்டை ஒன்றுகூட இறுகவில்லை. உடம்பு பெருப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொன்றும் பிரித்துத் தைக்கப்பட்டிருந்தது. உள்ளே அதே இரண்டு விரல் மடிப்பு, அதே மூன்று முடிச்சு. தையல் கூலி மிச்சம் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

இன்று காலை எந்தச் சட்டையிலும் அவள் கை நுழையவில்லை.

"என்னடி இது, எலும்பும் தோலுமா இருக்கிறவ போடுற சட்டை மாதிரி இருக்கு? யாருக்குடி பிடிச்சு வச்சிருக்க?" என்றாள், பார்க்க வந்திருந்த அக்கா.

தங்கை ஒரு சட்டையை உட்புறம் திருப்பினாள். மூன்று முடிச்சு இருந்தது. மடித்து விட்ட துணி இல்லை. இனிப் பிரிக்க முடியாதபடி தையலை ஒட்டி வெட்டியிருந்தது.