மாட்டினவளே வரணும்

"அந்தக் கம்ப்யூட்டர் கடையில வச்சா பறக்குது வசந்தண்ணா. வாங்கினவங்க ஊட்டுக்குப் போனா திக்குது. நான் போய் நின்னா மறுபடியும் பறக்குது. எனக்கே பேஜாரா இருக்கு," என்றாள் காயத்ரி.

பொன்னேரி பஜாரில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையின் முதலாளி வசந்தகுமார் ஃபோனைக் கீழே வைத்தார்.

"இப்பவும் அந்தம்மாதான் கூப்ட்டாங்க. மிஷினை மாட்டினவளே வரணுமாம். வேற யாரை அனுப்பினாலும் கதவைத் தொறக்க மாட்டாங்களாம். இத பாரு, இன்னிக்கும் சரியாகலன்னா திருப்பி எடுத்துக்கினு வந்துடு. அப்புறம் நீ பழையபடி கவுன்ட்டர்ல மவுஸ் வித்துக்கினு இரு."

காயத்ரிக்குச் சுருக்கென்றது. கவுன்ட்டரிலிருந்து அசெம்ப்ளி மேஜைக்கு அவள் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து, தன் கையால் பூட்டிய முதல் கேமிங் கம்ப்யூட்டர் அது.

வாங்கியவன் அன்புராஜ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபாக்டரியில் வேலை. நூறு பேர் ஒரு தீவில் குதித்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் ஆன்லைன் ஆட்டத்தை அதுவரை ஃபோனில் ஆடிக்கொண்டிருந்தவன். கலர் லைட் எரியும் பெட்டிதான் வேண்டும் என்று கடைக்கு வந்தவனை அவள்தான் உட்கார வைத்து விளக்கினாள்.

"லைட்டுக்குப் போடற காசை கிராஃபிக்ஸ் கார்டுல போடுங்க சார். செகண்டுக்கு நூறு படம் வரைஞ்சு தள்ளுறது அதுதான். ஆனா அது மட்டும் பெருசா இருந்தாப் போதாது. எதிரி எங்க ஓடறான், குண்டு எங்க பட்டுதுன்னு கணக்குப் போட்டுச் சொல்றது பிராசசர். அது மெதுவா சொன்னா கார்டு சும்மா நிக்கும்."

"எங்க லைன்ல முன்னாடி நிக்கிற ஆள் பொருளைத் தள்ளலன்னா, பின்னாடி நிக்கிறவன் கையக் கட்டிக்கினு நிப்பானே, அந்த மாதிரிங்களா?"

காயத்ரி பூரித்துப் போனாள். அவள் விளக்கத்தைக் கடைசிவரை கேட்ட முதல் வாடிக்கையாளர் அவன்தான். ரேமுக்கு ஒரு நாள், பவர் சப்ளைக்கு ஒரு நாள், ஃபேனுக்குக்கூட ஒரு நாள் என்று தனித்தனியாக வந்து, எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுவிட்டுப் போனான்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மிஷின் ஏன் திக்க வேண்டும்?

நெல் வயல்களைத் தாண்டி ஸ்கூட்டியை ஓட்டி, அன்புராஜின் வீட்டு வாசலில் நிறுத்தினாள். அவன் அம்மா கங்கம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"வாம்மா இஞ்சினீயரு. இவ்ளோ டப்பு கொட்டி வாங்கி இன்னா பிரயோஜனம்? படம் நொண்டிக்கினு போவுது. எம் புள்ள மூஞ்சியப் பாக்க முடியல."

"அவரு இல்லியா ஆன்ட்டி?"

"ஷிப்ட்டு. நீ வேலையப் பாரு."

காயத்ரி ஆட்டத்தைப் போட்டாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. சூடு பார்த்தாள், ஏறவில்லை. வோல்டேஜ் சரி. நெட்டும் சரி. நெல் காயவைத்துக்கொண்டிருந்த கங்கம்மாவின் கணவர் துளசிராமன் இரண்டு முறை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நல்லாத்தான் ஓடுது ஆன்ட்டி."

"நீ இருந்தா ஓடுது. நீ அந்தாண்ட போனா திக்குது. இதுக்கு ஒரு வழி சொல்லு."

அவளுக்குத் தெரிந்த வழியெல்லாம் தீர்ந்துவிட்டது. "மிஷினைத் திருப்பி எடுத்துக்கறோம் ஆன்ட்டி," என்றாள் மெதுவாக.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்!" கங்கம்மா பதறினாள். "அடுத்த வாரம் இன்னொருவாட்டி வந்து பாரு. முறுக்கு எடுத்துக்க."

ஸ்கூட்டி வரை வந்த பிறகுதான் ஹெல்மெட்டை உள்ளேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. காயத்ரி திரும்பிப் போனாள்.

உள்ளே, ஃபோன் டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் குனிந்திருந்தாள் கங்கம்மா. கார்டிலிருந்து மானிட்டர் வயரைப் பிடுங்கி, அதற்கு மேலே மதர்போர்டில் இருந்த துளையில் மும்முரமாகச் சொருகிக்கொண்டிருந்தாள்.

காயத்ரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வயர் அங்கே போனால் அத்தனை விலை கொடுத்த கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பிராசசருக்குள் இருக்கும் குட்டி கிராஃபிக்ஸ்தான் மொத்தப் படத்தையும் வரைய வேண்டும். திக்காமல் என்ன செய்யும்? ரிப்பேருக்கு ஆள் வருவதற்குள் வயர் சரியான இடத்துக்குப் போய்விட்டால், கோளாறு யார் கண்ணில் படும்?

"ஆன்ட்டி! என் வேலைக்கே உலை வச்சுட்டீங்களே!"

டார்ச் கீழே விழுந்தது. இத்தனை நாள் காட்டிய கோபமெல்லாம் எங்கோ போய், கங்கம்மா திருதிருவென்று விழித்தாள்.

"மிஷின் நல்லா ஓடினா நீ எதுக்கும்மா இந்தப் பக்கம் வரப்போற? எங்க ஊட்டுக்காரரும் உன்னை நல்லாப் பாக்கணும்னாரு. இன்னிக்கு ரெண்டுவாட்டி பாத்துட்டாரு. அவருக்கும் புடிச்சுப்போச்சு."

காயத்ரி குனிந்து டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"அது சரி," என்றாள். "எந்த ஓட்டையில சொருகினா திக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"வேற யாரு? எம் புள்ளதான் காட்டிக் குடுத்தான். ஆட்டத்துல அத்தினி பேரைச் சுடறான். உன்னாண்ட வந்து ஒரு வார்த்த கேக்கத்தான் கை காலு நடுங்குதாம்."

காயத்ரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயரைப் பிடுங்கி, கார்டில் 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் சொருகினாள்.

"இது கார்டுலயே இருந்தா திக்காது," என்றாள். "ஞாயித்துக்கெழம வந்து எங்க நைனா, அம்மாவாண்ட பேசுங்க, அத்தை."