சரியில்லீங்க

போனில் பேசுவதென்றாலே கோகிலவாணிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதனால் ஆறு வருடமாக அவள் குரலில் அவளுடைய போனே எல்லோரிடமும் பேசிவந்தது. அவளிடமிருந்து பேசக் கற்றுக்கொண்டது என்பதால், யார் என்ன சொன்னாலும் அதுவும் "சரிங்க" என்றுவிடும்.

கணவன் மயில்சாமியின் கண் ஆபரேஷனை ஆஸ்பத்திரி நாலு தடவை தள்ளிப்போட்டது. நாலு தடவையும் போன் "சரிங்க" என்றது. இன்று காலை அவன் இட்லித் தட்டென்று நினைத்துக் கொதிக்கும் காப்பிக்குள் விரலை விட்டுவிட்டான்.

கோகிலவாணி போனை எடுத்தாள்.

"நான் பேசட்டுமா?" என்றது அது.

"நீ பேசிக் கிழிச்சது போதும்."

சொல்ல வேண்டியதையெல்லாம் காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் மணி அடித்ததும் ஒரு எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை. கணவன் பேரை மட்டும் எப்படியோ சொன்னாள்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம், சரிங்களா?" என்றது ஆஸ்பத்திரி இயந்திரம், தேன் ஒழுக.

"சரியில்லீங்க."

அது அதையே திரும்பச் சொன்னது. அவளும் அதையே திரும்பச் சொன்னாள். பதினோரு தடவை ஆனபிறகு எதிர்முனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நா... நான் நர்சு பேசுறேங்க. மனுசங்ககூட போன்ல பேசி ரொம்ப வருசமாச்சுங்க. கையெல்லாம் நடுங்குது."

கோகிலவாணி வேர்த்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குந்தானுங்க. மெதுவாவே தேதியச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் போனை வைக்கறதா இல்லை."