அலமாரிக்குப் பின்னால்

"இன்னொரு தடவை போடுங்க மேடம். அந்த அலமாரி சீன் மட்டும் போதும்."

சவுண்டு இன்ஜினியர் நாற்காலியைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். காலையிலிருந்து மனிதர் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். பழைய படங்களின் ஒலியிலிருந்து கரகரப்பையும் இரைச்சலையும் துடைத்தெடுப்பது அவள் வேலை. ஸ்டுடியோவில் அவளுக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர்.

அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயராகிவிட்டது. தொலைந்தே போச்சு என்று எல்லோரும் கைகழுவிவிட்ட இந்தச் சிரிப்புப் படத்தை, மூடிக்கிடந்த தியேட்டர் ஒன்றின் பரணில் தேடிப்பிடித்துத் தகரப்பெட்டியோடு சுமந்து வந்தவர் அவர்தான். நைந்துபோன ஃபிலிம். ஒரே ஒரு தடவை மெஷினில் ஓடிக் கொடுத்துவிட்டுப் பொடிப்பொடியாகிவிட்டது. இனி கம்ப்யூட்டரில் இருப்பதுதான் படம்.

"சார், நீங்களும் இந்தப் படத்துல இருக்கிறதா சொன்னீங்களே, எங்க இருக்கீங்க?" என்று வம்புக்கு இழுத்தார், பக்கத்து மேசையில் படத்தின் கறைகளைச் சரிசெய்துகொண்டிருந்த கலர்காரர். "நானும் சல்லடை போட்டுத் தேடிட்டேன். படத்துக்கும் உங்களுக்கும் ஒரே வயசு. தொட்டில்ல ஒரு குழந்தைகூடக் காணோமே!"

"இருக்கேன் சார். இந்த சீன்லதான் இருக்கேன்."

கலர்காரர் பாம்புக்காதைப் பார்த்துக் கண்ணடித்தார். சரியான புளுகு!

காட்சி ஓடியது. வீட்டுக் காவல்காரன் திருடனுக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிகிறான். உள்ளே ஏற்கெனவே திருடன் உட்கார்ந்திருக்கிறான்.

"கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே. வெளிய திருடன் வந்திருக்கான்."

"ஐயையோ! கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க தம்பி!"

இருவரும் ஒருவரையொருவர் இறுகக் கட்டிக்கொண்டு நடுங்குகிறார்கள். கலர்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை வாட்டி பார்த்தாலும் அலுக்கலையே! ஒரே ஷாட்டு, நடுவுல வெட்டே இல்ல. அந்த நடுக்கத்தப் பாருங்க, கன்னம்கூடத் துடிக்குது. எப்பேர்ப்பட்ட நடிப்புய்யா!"

பாம்புக்காதுக்கும் அந்த ஆச்சரியம் தீரவில்லை. மனிதர்களால் இப்படிக்கூட நடுங்கி நடிக்க முடியுமா?

பெட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏதோ குறையுது மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "என் வேலையிலயா? தேடுங்க, ஒரு தூசு கிடைக்காது."

"அதில்ல. திருடன் கதவச் சாத்தச் சொன்னதும் பின்னாடி ஒரு சிரிப்புச் சத்தம் வரும். சின்ன வயசுல எங்கப்பாகூடத் தியேட்டர்ல கேட்டிருக்கேன்."

"ஓ, அதுவா! அது தப்பு சார். அலமாரிக்குப் பின்னாடி இருந்த யாரோ ஒரு பொம்பள அடக்க முடியாம சிரிச்சுத் தொலைச்சிருக்காங்க. மைக்குல விழுந்துடுச்சு. நான் சுத்தமா தூக்கிட்டேன்."

அவர் முகம் செத்துவிட்டது. "திருப்பிப் போடுங்க மேடம். உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"எப்படி சார்? குண்டூசி விழுந்த சத்தம்கூட இருக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்கார். சாயங்காலம் படத்த அனுப்பியாகணும். அதுக்கப்புறம் உலகத்துல எங்க போட்டாலும் இதத்தான் போடுவாங்க."

"அதனாலதான் கேக்குறேன்."

அவர் குரல் உடைந்துவிட்டது. அவளுக்கு என்னவோ போலிருந்தது. துடைப்பதற்கு முன்பிருந்த ஒலியை எடுத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

முதலில் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். அப்புறம் மூக்கு வழியாக ஒரு கனைப்பு. பிறகு பால் பொங்கி வழிவது போல ஒரு சிரிப்பு! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனையோ பெரிய குரல்களையெல்லாம் கேட்டுப் பழகிய காதுதான். இப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதே இல்லை.

திரையைப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, இங்க வாங்க! சிரிப்பு வந்த அந்த நொடியப் பாருங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் நடுங்கவே இல்ல!"

கலர்காரர் பார்த்தார். வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! அப்ப இது பயத்துல வந்த நடுக்கம் இல்லையா?"

"பின்னாடி கேட்ட சிரிப்புல அவங்களுக்கும் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்திருக்கு. ஷாட்டு கெட்டுடக் கூடாதுன்னு ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு அடக்கியிருக்காங்க. அதத்தான் நாம நடிப்பு நடிப்புன்னு கொண்டாடிக்கிட்டு இருந்திருக்கோம்!"

மூவரும் அந்தத் துடிக்கும் கன்னங்களையே பார்த்தார்கள்.

"இந்தச் சிரிப்பு இல்லாம இந்த சீனே இல்ல" என்றாள் அவள். "முதலாளி கத்தினா கத்தட்டும், நான் பேசிக்கிறேன்."

சிரிப்பை அதன் இடத்திலேயே வைத்து, ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிட்டாள். அறையே குலுங்கியது. கலர்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பெட்டிக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அவர் கண்ணில் நீர் நிற்கவில்லை.

"யார் சார் இவங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"எங்கம்மா. படத்துக்குத் துணி தைக்க வந்தவங்க. அலமாரி ஆடாம பிடிச்சுக்க ஆள் இல்லன்னு அலமாரிக்குப் பின்னாடி உக்கார வெச்சாங்களாம். நான் பொறந்த அன்னிக்கே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒரு போட்டோகூடக் கிடையாது."

கலர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெட்டிக்காரர் அவர் தோளைத் தொட்டார். "நான் சொன்னது பொய் இல்ல சார். நிறைமாசமா இருந்தவங்க இப்படி வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிச்சாங்களே, அப்ப உள்ள நானும் சேர்ந்து குலுங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."