கூடும் இடத்தின் எண்

மறுபடியும் அதே பனையடிக்குத்தான் வந்து சேர்ந்திருந்தாள்.

அதே பனைதானா என்பதும் நிச்சயமில்லை. தேரிக்காட்டில் எல்லாப் பனைக்கும் ஒரே சாயல். சுற்றிலும் சிவப்பு மணல்மேடு. மேட்டில் ஏறிப் பார்த்தால் இன்னொரு மேடு.

இத்தனைக்கும் அவள் பூகோள டீச்சர்.

போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் ஒரு நீலப் புள்ளி. சாலை இல்லை, ஊர் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. நீ இங்கேதான் இருக்கிறாய் என்றது போன்.

அது அவளுக்கும் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பை இங்கே கிளப்பிக்கொண்டு வந்தவளே அவள்தான். அட்சரேகையும் தீர்க்கரேகையும் கரும்பலகையில் வெறும் கோடாகவே கிடந்து சாகின்றனவே என்ற ஆற்றாமை. முந்தின நாள் சாயங்காலம் வந்து, மணலுக்குள் பிஸ்கட் டப்பாக்களை ஒளித்துவைத்தாள். உள்ளே கருப்பட்டி மிட்டாயும் ஒரு கேள்வியும். ஒளித்த இடங்களின் எண்களை மட்டும் அட்டையில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். அம்மாவிடம் கெஞ்சி வாங்கிவந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த எண்ணைத் துரத்திப் போய்த் தோண்டி எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு டப்பாவின் எண்ணையும் சரிபார்த்துச் சரிபார்த்து எழுதியிருந்தாள்.

கடைசியில் எல்லோரும் வந்து கூட வேண்டிய உடைமரத்தின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

அங்கேதான் தான் நிற்கப்போகிறோமே என்று.

நின்றிருக்கலாம். பிள்ளைகள் தோண்டுகிற அழகை ஓர் எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியதுதான் வினை.

ரோட்டோரம் வேனுக்குள் தலைமையாசிரியை, பிள்ளைகளின் பெரிய டீச்சர், உட்கார்ந்திருந்தார். ஓர் ஆள் தொலைந்தாலும் இன்றோடு சரி, பிறகு கரும்பலகைதான் என்று சொல்லித்தான் அனுமதிக் கடிதத்தில் முத்திரையைக் குத்தியிருந்தார்.

ஆள் என்றுதான் சொல்லியிருந்தார். பிள்ளை என்று சொல்லவில்லை.

பெரிய டீச்சரைக் கூப்பிட்டால் அவளுக்கு வழி கிடைத்துவிடும். பிள்ளைகளுக்குத் தேரி கிடைக்காது.

பிள்ளைகளில் ஒருத்தியான சுயம்புக்கனி கொண்டுவந்திருந்த போனுக்கு அழைத்தாள்.

"சுயம்பு, கூடுதலா ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன். எண்ணக் குறிச்சுக்கோ."

குரலில் மிடுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டாள். தான் நிற்கிற நீலப் புள்ளியின் எண்ணைப் படித்தாள்; தசமத்துக்குப் பின்னால் ஓர் இலக்கத்தையும் விடவில்லை. வகுப்பில் ஒருநாளும் இத்தனை உருக்கமாகத் தீர்க்கரேகை சொன்னதில்லை.

"டப்பாவா டீச்சர்?"

"டப்பா இல்ல. கொஞ்சம் பெரிசு."

பிறகு சேலையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கினாள். முகத்தைத் துடைத்தாள். இப்போதுதான் இந்தப் பக்கம் வந்தவள்போல் நின்று பார்த்தாள். சரியாக வரவில்லை. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மேட்டுக்கு மேலே முதலில் ரிப்பன்கள் தெரிந்தன. பிறகு தலைகள்.

ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் போனில். மணலைச் சறுக்கிக்கொண்டு இறங்கி, நேரே அவள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அதுமேலதான் நிக்கீங்க."

தள்ளி நின்றாள்.

தோண்டினார்கள். பனையின் வேர் தெரிகிற வரைக்கும் தோண்டினார்கள். எண் சரியாகத்தான் இருக்கிறது என்று போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தோண்டினார்கள்.

சுயம்புக்கனி மட்டும் குனியவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு செருப்புத் தடம் பனையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. திரும்ப வந்திருந்தது. வேறு பக்கமாகப் போயிருந்தது. அங்கிருந்தும் திரும்ப வந்திருந்தது.

டீச்சர் வானத்தைப் பார்த்தாள். மேகம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தாள்.

சுயம்புக்கனி தன் காலால் அந்தத் தடங்களை மெல்ல அழித்தாள். யாருக்கும் தெரியாமல், விளையாட்டுக்குச் செய்வதுபோல.

"கெடச்சிட்டு. வாங்கட்டி, போவோம்."

"எங்கட்டி கெடச்சிட்டு?"

சுயம்புக்கனி டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"கெளம்பும்போதே உடைமரத்தக் குறிச்சு வச்சிட்டேன் டீச்சர். எம்பின்னால வாங்க."

போனார்கள். ஒவ்வொரு மேட்டிலும் ஏறி நின்று, சுயம்புக்கனி ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கன்றுக்குட்டி வருகிறதா என்று பார்ப்பதுபோல.

வேன் வாசலில் பெரிய டீச்சர் தலைகளை எண்ணி ஏற்றினார். உள்ளே யார் டப்பா முதலில் என்று ஒரே சண்டை. தீர்க்கரேகையில் ஓர் இலக்கம் மாறினால் எவ்வளவு தூரம் தள்ளிப்போகும் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கத்திக்கொண்டிருந்தாள், மிட்டாய் வாயோடு.

"யாரும் தொலையலியே?"

சுயம்புக்கனிதான் முந்திக்கொண்டாள். "பிள்ளைகள்ல யாரும் தொலையல, பெரிய டீச்சர்."

பெரிய டீச்சர் நிமிர்ந்தார். பூகோள டீச்சரின் சேலையில் முழங்கால்வரை செம்மண். கொண்டையில் ஓர் உடைமுள். இடுப்பில் இன்னும் அந்தக் கை.

பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சுயம்புக்கனியிடம்தான் சொன்னார்.

"ஏட்டி, அடுத்த தடவ டீச்சர் கழுத்துல ஒரு விசிலக் கட்டி வுடு."

வேனே சிரித்தது.

அவள் காதில் 'ஏட்டி'யும் விழவில்லை, விசிலும் விழவில்லை. நடுவில் இருந்த 'அடுத்த தடவ' மட்டும்தான் விழுந்தது.